கணப்படுப்பின் விசிறி நின்றுபோனால் மோட்டாரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

டர்பனில் இருக்கும் என் மனைவியின் சொந்தக்காரர்களுக்கு, குளிரில் அறையைச் சூடாக்கும் கணப்படுப்பு என்றாலே சிரிப்பு. அவர்களுடையது கடற்கரை ஊர். ஆடி மாதத்திலும் அரைக்கைச் சட்டையோடு திரிவார்கள். நாங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க்கின் தென்மேற்கே, லெனேசியாவில், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. தமிழ் நாட்காட்டி இங்கே தலைகீழ். மார்கழி கோடை, தைப்பொங்கல் இடிமழைக் காலம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடியில் புல்தரையெல்லாம் உறைபனி வெள்ளை.

அப்படியோர் ஆடி வெள்ளி இரவில்தான் எங்கள் கணப்படுப்பின் விசிறி நின்றது. உள்ளே விறகு தகதகவென்று எரிகிறது, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முகம் பொசுங்குகிறது, மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் முதுகு விறைக்கிறது. மோட்டார் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, நல்ல விலை கொடுத்துப் புது மோட்டார் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டி மாட்டினேன். அதுவும் சுற்றவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். டார்ச்சை அடித்து அடுப்பின் அடியில் எட்டிப் பார்த்தார். இரும்போடு ஒட்டியிருக்க வேண்டிய சிறிய தெர்மோஸ்டாட் வில்லை, திருகு தளர்ந்து ஒரு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "அடுப்பு சூடாகிவிட்டது என்று இதற்கு யார் போய்ச் சொல்வது, தம்பி?" என்றார்.

பழைய மோட்டாரை இன்றும் வைத்திருக்கிறேன். அது நன்றாகவே ஓடுகிறது. அதன்பின் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பல கணப்படுப்புகளைத் திறந்து பார்த்துவிட்டேன். உண்மையிலேயே மோட்டார் செத்துப்போன வீடுகள் மிகக் குறைவு. தூசி, வில்லை, ஈர விறகு, தளர்ந்த திருகு ஆகிய நான்கும்தான் பெரும்பாலான குற்றவாளிகள். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படியே: செலவில்லாத சோதனை முதலில், மோட்டார் கடைசியில்.

உங்கள் அடுப்பில் இருப்பது எந்த விசிறி?

தென்னாப்பிரிக்க வீடுகளில் மூன்று வகை உண்டு. முதலாவது, கண்ணாடிக் கதவு போட்ட மூடிய விறகு அடுப்பின் அடியிலோ பின்புறத்திலோ இருக்கும் மின்விசிறி. அறையின் குளிர்ந்த காற்றை இழுத்து, நெருப்புப் பெட்டியைச் சுற்றியுள்ள இரட்டைச் சுவரின் வழியே ஓட்டி, மேலே சூடாக வெளியே தள்ளும். இந்தக் காற்று நெருப்பைத் தொடவே தொடாது. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் உதவும். இரண்டாவது, அடுப்பின் தலையில் சும்மா உட்கார்ந்து, மின்சாரமே இல்லாமல் அடுப்பின் சூட்டிலேயே சுழலும் சிறு விசிறி. மூன்றாவது, மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லெட் அடுப்பு. அதில் இரண்டு விசிறிகள், ஒன்று அறைக்கு, இன்னொன்று புகையை வெளியேற்ற.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது முதல் வகை என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அதன் உறுப்புகள் நான்கே. அணில் கூண்டு போன்ற உருளை இதழ்கள் கொண்ட விசிறி, அதைச் சுற்றும் சிறு மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், பின் அந்தத் தெர்மோஸ்டாட் வில்லை. வில்லை என்பது ஏறத்தாழ 5 ராண்ட் நாணயத்தின் அகலம். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த குழிந்த தகடு ஒன்று இருக்கும். அடுப்பின் உடல் சுமார் 45, 50 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தகடு 'டிக்' என்று மறுபக்கம் குழிந்து மின்சாரத்தை இணைக்கும். 30 சொச்சத்துக்கு இறங்கியதும் மீண்டும் 'டிக்', விசிறி நிற்கும். அடுப்பு ஆறியபின் விசிறி குளிர்காற்றை ஊதாமல் இருப்பது இதனால்தான்.

கைவைப்பதற்கு முன்

அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவில் எரிந்த அடுப்பு காலையில் ஆறியதுபோல் தெரியும், சாம்பலுக்குள் தணல் கண் விழித்திருக்கும். ஒரு நாள் விடுங்கள். அடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வயர்களில் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவிலிருந்து வந்த அடுப்பின் மோட்டாரில் கறுப்பு வயர்தான் லைன். இந்தக் குழப்பம் உயிரை வாங்கும். எர்த் வயரை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிடாதீர்கள், இரும்பு உடம்பு கொண்ட பொருள் இது. பிளக்கிலிருந்து அடுப்பு வரைக்குமான வேலையை நாமே பார்க்கலாம். சுவருக்குள் போகும் நிலையான இணைப்பாக இருந்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வீட்டை விற்கும்போது மின் இணக்கச் சான்றிதழ் கேட்பார்கள் என்பது ஒருபுறம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதே பெரிய காரணம்.

வேண்டிய கருவிகள்: ஸ்குரூ டிரைவர், பழைய பெயின்ட் பிரஷ், வாக்குவம் கிளீனர், மலிவான மல்டிமீட்டர், மின்மோட்டாருக்கான எண்ணெய். போன் கேமராவும் ஒரு கருவிதான். ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள்.

சித்திரையில் ஒரு முழுச் சுத்தம்

சித்திரை பிறந்ததும் இங்கே இலையுதிர்காலம் நடந்துகொண்டிருக்கும். விசிறியைக் கழற்ற அதுவே சரியான நேரம். குளிர் வந்தபின் பழுது கண்டுபிடித்தால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களை நடுங்கியே கழிக்க வேண்டும்.

அடியில் இருக்கும் முகப்புத் தகட்டை எடுங்கள். சில அடுப்புகளில் அது காந்தத்தில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் இரண்டு திருகு. உள்ளே விசிறி நான்கு ரப்பர் கால்களின் மேல் நிற்கும். திருகுகளை எடுத்து, மெதுவாக முன்னால் இழுத்து, வயர்களைப் படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். ரப்பர் கால்களை அழுத்திப் பாருங்கள். சூட்டில் வெந்து கல்லாகியிருந்தால் மாற்றுங்கள்; அடுப்பே உறுமுவதுபோல் கேட்பதற்குப் பாதி நேரம் இவைதான் காரணம்.

இப்போது இதழ்களைப் பாருங்கள். வெள்ளைக்கார வீடுகளின் அடுப்பு விசிறியில் சாம்பலும் நாய்முடியும் உலர்ந்த தூசியாக இருக்கும், பிரஷ் பட்டால் உதிர்ந்துவிடும். நம் வீட்டு விசிறியில் அப்படி உதிராது. சமையலறையும் கூடமும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில் தினமும் கடுகு தாளிக்கிறோம், வாரத்துக்கு ஒருநாள் வடையோ அப்பளமோ பொரிக்கிறோம். அந்த எண்ணெய்ப் புகையை இந்த விசிறிதான் உறிஞ்சுகிறது. மேலே வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் இதழின் குழிவிலும் பழுப்புப் பிசினாகப் படிந்து, அதன்மேல் தூசி மெத்தைபோல் ஒட்டியிருக்கும். முதல்முறை எங்கள் விசிறியைத் திறந்தபோது இதழ்களுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. குழிவு நிரம்பிய இதழ் காற்றைத் தள்ளாது, சும்மா சுற்றும்.

முதலில் வாக்குவத்தால் பெரிய தூசியை எடுங்கள். அப்போது இதழ்க் கூண்டை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியை நனைத்து, உதறி, ஒவ்வோர் இதழாகத் தேயுங்கள். மோட்டார்ப் பக்கம் தண்ணீர் போகவே கூடாது. மோட்டாருக்கு உலர்ந்த பிரஷ் மட்டும். இதழ் ஒன்றில் சிறிய உலோகக் கவ்வி மாட்டியிருந்தால் அதைக் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். கூண்டு ஆடாமல் சுழல்வதற்காகத் தொழிற்சாலையில் வைத்த எடை அது. எங்கள் தெருவில் ஒருவர் பிடுங்கிவிட்டார். பிறகு மாவரைக்கும் மெஷின் போலச் சத்தம்.

சுத்தம் முடிந்ததும் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல விசிறி சில சுற்றுகள் தானாக ஓடி, மெல்ல அடங்கி நிற்கும். சட்டென்று நின்றால் எண்ணெய் கேட்கிறது என்று பொருள்.

எண்ணெய் போடுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அச்சின் இரு முனையிலும் அச்சைத் தாங்கும் செம்பு நிற வெண்கல வளையம், அதாவது புஷ், இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுற்றிக் கம்பளி போன்ற வளையம் ஒன்று எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அதில் மின்மோட்டாருக்கென்று விற்கும் 20 எண் தர எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, கையால் இருபது முறை சுற்றி, வழிந்ததைத் துடையுங்கள். மூடிய பந்து பேரிங்காக இருந்தால் எண்ணெயே வேண்டாம். துருநீக்கும் ஸ்பிரே அடித்தால் முதல் நாள் சத்தம் நின்றுவிடும். ஆனால் அது பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும், அடுத்த மாதம் புஷ் இறுகும். தேங்காய் எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதவுக் கீலுக்கும் தையல் மெஷினுக்கும் அதையே விட்டுப் பழகியவர்கள் நாம். ஜோகன்னஸ்பர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே மெழுகாக உறைந்து நிற்கும். புஷ்ஷுக்குள்ளும் அதுவேதான்.

விசிறி வெளியே இருக்கும்போது அது உட்காரும் பள்ளத்தையும் காற்றுப் பாதையையும் வாக்குவம் செய்யுங்கள். தணல் இருக்கக்கூடிய சாம்பலுக்கு மட்டும் சாதாரண வாக்குவம் ஆகாது, பை தீப்பிடிக்கும்.

விசிறி தொடங்கவே இல்லை என்றால்

இந்த வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிக வேலை.

அதே சாக்கெட்டில் போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த ஒரே சோதனையில் முடிந்த வழக்குகள் உண்டு. ரெகுலேட்டர் பெட்டியில் ஃபியூஸ் இருந்தால் அதையும் பாருங்கள்.

சூடு போதுமா? பற்றவைத்த அரைமணி, முக்கால்மணி வரை விசிறி தொடங்காமல் இருப்பது இயல்பு. கனமான வார்ப்பிரும்பு அடுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். அதற்குப் பிறகும் அடுப்பின் உடல் வெதுவெதுப்பாகவே இருந்தால் விறகைச் சந்தேகப்படுங்கள். இங்கே அதிகம் கிடைப்பது வாட்டிலும் தைலமரமும். வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே மரம்தான். காய்ந்தால் அருமையாக எரியும். வெட்டிய சில வாரங்களில் சாலையோரம் விற்பனைக்கு வரும் கட்டை காய்ந்திருக்காது. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்னும். ஈரக் கட்டையின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், வில்லை 45 டிகிரியைப் பார்க்கவே பார்க்காது.

ரெகுலேட்டரில் தானியங்கி, கைமுறை என்று இரண்டு நிலைகள் இருந்தால் கைமுறைக்கு மாற்றுங்கள். அந்த நிலை பெரும்பாலும் வில்லையைத் தாண்டி நேராக மின்சாரம் கொடுக்கும். இப்போது சுற்றினால் மோட்டார் நலம், ரெகுலேட்டர் நலம், குற்றவாளி வில்லை. இந்த ஒரு திருப்பலைச் செய்திருந்தால் அந்தப் புது மோட்டாரை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

வில்லையைப் பாருங்கள். அதன் உலோக முகம் அடுப்பின் உடலோடு முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். தாளின் தடிமனுக்கு இடைவெளி இருந்தாலும் விசிறி தாமதமாகத்தான் தொடங்கும். இடையில் சாம்பலோ துருவோ இருந்தால் துடையுங்கள். காந்தத்தில் ஒட்டும் வகை என்றால் காந்தம் பல ஆண்டுச் சூட்டில் வலுவிழந்து நழுவியிருக்கலாம்.

சரியான இடத்தில் இருந்தும் வேலை செய்யவில்லையா? கழற்றிச் சமையலறைக்குக் கொண்டு போங்கள். மல்டிமீட்டரை 'பீப்' ஒலி நிலையில் வைத்து, வில்லையின் இரு முனைகளிலும் கம்பிகளைத் தொடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒலி வரக் கூடாது. அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றி, அதன் வெளிப்பக்கத்தில் வில்லையின் முகத்தை ஒரு துணியால் அழுத்திப் பிடியுங்கள். வில்லையை நீருக்குள் போடாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் (பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான்), நம் சோதனைக்கு அது தாராளம். சில நொடிகளில் 'டிக்' என்று விரலுக்கே தெரியும், மீட்டர் பீப் என்று கத்தும். எடுத்து ஆறவிட்டால் மறுபடியும் 'டிக்', மௌனம். சூட்டில் கத்தவில்லை என்றால் வில்லை செத்துவிட்டது. குளிர்ந்தும் கத்திக்கொண்டே இருந்தால் உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. விசிறி நிற்காமல் ஓடும் வீடுகளில் இதுதான் கதை. வில்லை மலிவானது. மேலே பொறித்திருக்கும் சூட்டு எண்ணையும் அதே வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள். சூடானால் இணைக்கும் வகை, சூடானால் துண்டிக்கும் வகை என்று இரண்டு உண்டு. நமக்கு வேண்டியது முதலாவது.

வில்லையும் நலம் என்றால் ரெகுலேட்டர். அதைத் தற்காலிகமாக விலக்கி, பிளக்கைக் கழற்றிய நிலையில் மோட்டாரின் வயர்களைப் பிளக்கிலிருந்து வரும் வயர்களோடு இணைப்பானால் மூடி இணைத்து, பிறகு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். விளக்கை மங்கவைக்கும் டிம்மரை அந்த இடத்தில் போடாதீர்கள். மோட்டார் முனகும், சூடேறும், ஆயுள் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மோட்டார். வயர்களைக் கழற்றிவிட்டு, வைண்டிங்கின் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பியின்) மின்தடையை அளந்து பாருங்கள். சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை காட்டினால் கம்பி அறுந்துபோகவில்லை. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. வைண்டிங்குக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவே அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த மோட்டாரை மறந்துவிடுங்கள்.

புதிது வாங்கும்போது 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே செருகினால் சில நொடிகளில் புகை. காற்று எந்தத் திசையில் வெளிவருகிறது, மோட்டார் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

முனகல், சுரண்டல், வாசனை

'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் வருகிறது, சுற்றவில்லை என்றால் உடனே அணையுங்கள். மோட்டார் முயன்றுகொண்டே சூடேறுகிறது. பெரும்பாலும் இறுகிய புஷ். கண்டென்சர் உள்ள மோட்டாராக இருந்தால் கண்டென்சரும் பலவீனமாகியிருக்கலாம், சீலிங் ஃபேனில் நாம் பார்த்த அதே நோய்தான். சிறிய அடுப்பு மோட்டார்கள் பலவற்றில் கண்டென்சரே கிடையாது.

சுரண்டும் சத்தம் என்றால் கூண்டு எங்கோ உரசுகிறது. அச்சில் கூண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்து கூண்டு ஓரம் நகர்ந்திருக்கும். குளிரில் தொடங்கும்போது மட்டும் கீச்சிட்டுச் சூடானதும் அடங்கினால் எண்ணெய் வறட்சி.

விசிறி ஓடத் தொடங்கியதும் எர்த் லீகேஜ் எனப்படும் மின்கசிவுச் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டானால், மோட்டாரின் காப்பு கசிகிறது. இந்த நாட்டு வீடுகளில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது துண்டிக்கும். கோடை மழையின் ஈரம் ஏறிய மோட்டார் பருவத்தின் முதல் நாளில் இப்படிச் செய்வதுண்டு. நன்றாக உலர்த்திய பின்னும் விழுந்தால் மாற்றுங்கள். எர்த் லீகேஜைத் தாண்டி வயர் போடும் வித்தையைச் சொல்லித்தர யாராவது வந்தால் வீட்டு வாசலைக் காட்டுங்கள்.

வாசனையில் இரண்டு உண்டு. பருவத்தின் முதல் நெருப்பில் தூசி கருகும் வாடை வரும், ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் விசிறி ஓடும்போது மட்டும் புகை வாடை வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். விசிறியின் காற்று நெருப்பைத் தொடாது என்று மேலே சொன்னேன் அல்லவா? புகை வருகிறது என்றால் நெருப்புப் பெட்டியில் விரிசல், அல்லது கதவின் கயிற்று அடைப்பு தேய்ந்துவிட்டது. புகையோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது; அதற்கு வாசனையே இல்லை. நெருப்பைத் தணியவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுங்கள், சரிசெய்யும் வரை பற்றவைக்காதீர்கள். கதவு அடைப்பைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருக்கட்டும்.

இன்னொரு புகைக் காரணம் நம் வீடுகளுக்கே உரியது. குளிருக்காகச் சன்னலெல்லாம் சாத்தியிருக்கும். சமையலறையில் மிளகாய் வறுக்கிறோம் என்று எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுகிறோம். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ள, ஈடுகட்டும் காற்று வேறு வழியில்லாமல் புகைபோக்கி வழியாக இறங்குகிறது. கணப்படுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் போட்டால் ஒரு சன்னலையாவது நான்கு விரல் திறந்து வையுங்கள்.

காற்று வருகிறது, சூடில்லை

இது பழுதே இல்லாமல் இருக்கலாம். சிறு நெருப்புக்கு முழு வேகம் வைத்தால் விசிறி இரும்பைக் குளிர்வித்துவிடும், வில்லை துண்டிக்கும், சூடேறியதும் மறுபடி இணைக்கும். போவதும் வருவதுமாக இருக்கும். வேகத்தைக் குறையுங்கள். நம் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் விசிறி தூக்கிப்போகும் சூடும் அவ்வளவு குறைவு, மோட்டார் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதும் குறைவு. ஆகவே காற்றுப் பாதையின் தூசி டர்பனில் மன்னிக்கப்படலாம், இங்கே மன்னிக்கப்படாது.

மின்வெட்டு வந்தால்

2023 குளிர்காலத்தில் நாள்தோறும் மின்வெட்டு இருந்தபோது கற்ற பாடம் இது. விசிறி நின்றாலும் விறகு அடுப்பு எரியும், ஆபத்தில்லை; ஆனால் காற்றோட்டம் நின்றதும் அடியில் இருக்கும் மோட்டார் வேகத் தொடங்கும். மேற்கொண்டு கட்டை போடாமல் நெருப்பைத் தணிய விடுங்கள். இன்வெர்ட்டர் வைத்து ஓட்டுவதானால் தூய சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் இந்தச் சிறு மோட்டார்கள் உறுமிக்கொண்டே சூடாகும். மின்சாரம் திரும்பும் கணத்து வோல்ட்டேஜ் எகிறலில் போவது ரெகுலேட்டர்தான். அதற்கு முன்னால் ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் வையுங்கள்.

மின்சாரம் இல்லாமல் சுழலும் விசிறி

மின்வெட்டுக் காலத்தில் பலர் வாங்கியது. இதன் அடிப்பாகம் சூடாகவும் தலைப்பாகம் குளிர்ந்தும் இருந்தால், நடுவில் உள்ள தகடு அந்த வித்தியாசத்தில் சிறிது மின்சாரம் தரும். சீபெக் 1821-இல் கண்ட விளைவு. வித்தியாசம்தான் எல்லாமே என்பது புரிந்தால் பாதிப் பழுது புரிந்துவிடும். புகைக்குழாயை ஒட்டி வைத்தால் தலையும் சூடாகி, வித்தியாசம் குறைந்து, விசிறி சோர்ந்துவிடும். அடுப்பின் பின் ஓரத்தில், முதுகுப் பக்கம் குளிர்ந்த காற்று வரும்படி வையுங்கள்.

சுழலவில்லை என்றால் மோட்டாரின் இரு வயர்களை உருவி, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நலம். இங்கே மட்டும் தீர்ப்பு அதோடு முடியாது, நடுத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். அடுப்பு அளவு மீறிச் சூடானால் இந்தத் தகடு வெந்துவிடும். அதைத் தடுக்கத்தான் விசிறியின் அடியில் ஒரு இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. சூடு கூடினால் வளைந்து விசிறியைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். அந்தப் பட்டை வளைந்து நசுங்கியிருந்தால் புதுத் தகடும் நிலைக்காது. தகட்டை மாற்றும்போது இருபுறமும் வெப்பக் களிம்பை மெல்லிதாகப் பூசுங்கள்.

பெல்லெட் அடுப்பு

சுருக்கமாகவே சொல்கிறேன். இதில் புகை விசிறி நின்றால் அடுப்பே நிற்கும், நிற்கவும் வேண்டும். அதற்கென்றே அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்ச் இருக்கிறது. பிழைச் செய்தி வந்தால் சாம்பல் பாதை, புகை விசிறியின் இதழ்கள், அழுத்தச் சுவிட்சுக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். புகை விசிறியைக் கழற்றினால் அதன் அடைப்புத் தகட்டைப் புதிதாகப் போடாமல் மூடாதீர்கள். அந்தச் சுவிட்சைக் குறுக்கிணைப்புக் கொடுத்து ஏமாற்றவே கூடாது.

புரட்டாசியில் மூடிவைக்கும்போது

குளிர் போனதும் சாம்பலை முழுவதும் அள்ளிவிடுங்கள். மழைக்காலத்தில் சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். விசிறியை மாதத்துக்கு ஒருமுறை கைமுறை நிலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் புஷ் இறுகாது. மற்ற நாட்களில் பிளக் வெளியே இருக்கட்டும், கோடையில் இடி அதிகம்.

கடைசியாகக் குளவி. மழை தொடங்கியதும் மண் எடுத்து வந்து கூடு கட்ட, விசிறிக் கூண்டைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. ஒரு சித்திரையில் எங்கள் கூண்டின் இதழ்களுக்குள் கட்டைவிரல் பருமனுக்கு மூன்று மண்கூடுகள் இருந்தன. பார்க்காமல் ஓடவிட்டிருந்தால் இதழே பிய்ந்திருக்கும். அன்று முதல் காற்று உள்ளே போகும் வாயில் பழைய பருத்தித் துணியை அடைத்துவைக்கிறோம். துணியை மறந்து அடுப்பைப் பற்றவைத்துவிடாமல் இருக்க, கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுகிறாள் என் மனைவி. மாதம் ஒருமுறை ஓடவிடும்போதும் சரி, அடுத்த சித்திரையில் கழற்றும்போதும் சரி, முதலில் அந்தத் துணி வெளியே வரவேண்டும்.